மொட்டைப் பாரும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து சந்திரா வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்றபோது அவள் புதிதாகச் சேர்ந்தவள். இன்று அங்கே பெரிய அதிகாரி. மீனவர்களுக்கு வானொலியில் தமிழிலேயே கடல் அறிக்கை வாசிக்கப் போகிறார்களாம். அதற்கான சொற்களைத் தொகுத்து எடுத்து வந்து, "மேடம், ஒரு தடவை பார்த்துக் குடுங்க" என்றாள். நல்ல தமிழ்தான், குறை சொல்வதற்கில்லை. ஒரே ஒரு சொல்லை மட்டும் பேனாவால் அடித்தேன். 'உகந்த நிலை' என்று எழுதியிருந்த இடம். ஏன் மேடம் என்று கேட்டாள்.  எழுதித் தருகிறேன் என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்து முடித்தால் மனசு லேசாகும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். எழுதுகிற எனக்கே ஆகவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது இரண்டாவது உலகப் போரின்போது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டிருந்தது. அப்பா சாந்தோமில் பள்ளி ஆசிரியர். "மாதா கோயில விட்டுட்டு எங்க போறது?" என்று அசையாமல் உட்கார்ந்துவிட்டார். சர்க்கார் அலுவலகங்களில் ஆள் இல்லை. இன்டர்மீடியட் முடித்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அடித்தது யோகம். பிலோமினா என்ற பெயரைப் பார்த்து, கவுன் போட்ட சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியப் பெண் வரப்போகிறாள் என்று எதிர்பார்த்தார்களாம். தலை நிறையக் கனகாம்பரமும் நூல் புடவையுமாக நான் போய் நின்றதும் அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காற்றுக்கு ஓர் எண், மேகத்துக்கு ஓர் எழுத்து என்று சில மாதம் மனப்பாடம் செய்ததுதான் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

என்னைப் போட்ட இடம் சாந்தோம் கடற்கரையை ஒட்டிய ஒரு மாடி பங்களா. யாரோ பணக்காரர் ஊரை விட்டுப் போனபோது சர்க்கார் எடுத்துக்கொண்டது. எங்களுக்கு ஒரே வேலை. நாளைக்குக் கரையோரத்தில் அலை எப்படி உடையும் என்று இன்றைக்கே சொல்ல வேண்டும். யாருக்கு? அடையாற்று முகத்துவாரத்துப் பக்கம் கூடாரம் போட்டிருந்த பட்டாளத்துக்கு. தட்டையான படகுகளில் கடலுக்குள் போய், திரும்பிக் கரையில் வந்து மோதி இறங்கிப் பழகிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தேசத்துக் கரையில் இறங்கப் போகிறார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. வானிலை அப்போது ராணுவ ரகசியம். நாளைக்கு மழை வரும் என்று அலுவலகத்துக்கு வெளியே சொன்னால் ஜெயில் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

கரையிலிருந்து நன்றாக உள்ளே, நீருக்கடியில் ஒரு பாறைத் திட்டு உண்டு. நீருக்கடிப் பாறையைப் பக்கத்து மீனவர் குப்பத்தில் பார் என்பார்கள். இது எந்தக் காலத்திலும் தலையை வெளியே காட்டாது என்பதால் மொட்டைப் பார். சின்ன அலை அதற்கு மேலே சத்தமில்லாமல் கடந்துவிடும். பெரிய அலை வந்தால் அடி பாறையில் இடித்து, எழும்பி, வெள்ளையாக உடையும். உடையாவிட்டால் பார் தூங்குகிறது, உடைந்தால் எழுந்துவிட்டது. இது குப்பத்துப் பேச்சு. நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். பங்களா வராந்தாவில் ஒரு தொலைநோக்கி, கையில் ஒரு ஸ்டாப் வாட்ச். பார் மேல் ஓர் அலை உடைந்ததும் அழுத்த வேண்டும், அடுத்தது உடைந்ததும் நிறுத்த வேண்டும். 'பாரைப் பார்' என்பதுதான் எங்கள் அலுவலகத்தின் காயத்ரி என்று கேலி செய்வோம்.

போர் இல்லாத காலத்தில் வங்காள விரிகுடாவில் போகிற கப்பலெல்லாம் தந்தி கொடுக்கும்: இங்கே காற்று இப்படி, அலை அப்படி என்று. போரில் கப்பல்கள் வாயை மூடிக்கொண்டன. பேசினால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடுமே. நடுக்கடலில் புயல் பிறந்தால் எங்களுக்குச் சொல்ல மிச்சமிருந்தது அந்த மொட்டைப் பார் மட்டும்தான். தூரத்துப் புயலின் அலை நீளமாக, நிதானமாக வரும். இரண்டு அலைக்கு நடுவே இடைவெளி கூடினால் எங்கேயோ பெரிதாக ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அது இங்கே காற்று வீசுவதற்கு முன்பே, வானம் கண்ணாடி போல இருக்கும்போதே வந்துவிடும். தவிரவும் கூட்டமாகத்தான் வரும். ஒரு கூட்டம் போய்விட்டால் அடுத்த கூட்டம் வரும்வரை கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போகிறவன் அது தூங்குகிறது என்று எழுதிவிட்டுப் போவான்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எங்கள் மேலதிகாரி ராமசேஷன். மயிலாப்பூர் குளத்தங்கரையில் வீடு. கச்சேரி ரோடு வழியாக நடந்தே வருவார். மூடிய கோட்டு, பஞ்சகச்சம், கையில் ஒரு பித்தளைத் தூக்கில் தயிர்சாதம். அவருக்குக் கிட்டப்பார்வை. ஆனால் கடலைப் பார்க்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். ஒரு நாள் ஏன் சார் என்று கேட்டேன்.

"கண்ணாடி போட்டுண்டா நுரை தெரியறதும்மா. கழட்டினாதான் அலை தெரியறது" என்றார்.

பயங்கரமான அலை, அழகான மேகம் என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்பார். நான் மதிய வேளையில் மாதா கோயில் மணி அடித்ததும் நின்று சிலுவை போட்டுக்கொண்டு ஜெபம் சொல்வேன். முதல் தடவை அதில் அலைக் கணக்கு விட்டுப்போயிற்று. "சாமியை நன்னாக் கும்பிடுங்கோ. வாட்சை மட்டும் நிறுத்திடாதேங்கோ" என்றார். அதற்குப் பிறகு பல வருஷம் கையில் வாட்ச் ஓட ஓடத்தான் நான் அருள் நிறைந்த மரியே சொல்லியிருக்கிறேன்.

அவர் வைத்திருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். காலையில் முதல் வேலை, நேற்றைய நாளுக்கென்று சொன்ன முன்னறிவிப்பை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய், கடலைப் பார்த்து நின்று, உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் அவரே "சரி" அல்லது "தப்பு" என்பார். தப்பானால் சிவப்புப் பென்சிலால் பெரிதாக எழுதுவார். சாக்குச் சொல்ல மாட்டார். "யாருக்குச் சொன்னோமோ அவா கேட்கலைன்னாலும், எதைப் பத்திச் சொன்னோமோ அது கேக்கட்டும்" என்பார். கடலுக்கு இங்கிலீஷ் தெரியுமா சார் என்று நாங்கள் பின்னால் சிரிப்போம். அவர் காதில் விழுந்திருக்கும். கண்டுகொள்ள மாட்டார்.

முன்னறிவிப்பை நான்தான் டைப் அடிப்பேன். அலை உயரம், இடைவெளி, காற்று எல்லாம் வரிசையாக வரும். கடைசி வரியில் ஒரே சொல்: சூட்டபிள் அல்லது அன்சூட்டபிள். நாளைப் பயிற்சிக்கு ஏற்றது, ஏற்றதல்ல. பட்டாளத்துக்காரர்கள் மற்ற வரிகளைப் படித்தார்களோ என்னவோ, அந்த ஒரு சொல்லைப் படிப்பார்கள். கடல் நன்றாக இருந்தால் சூட்டபிள், மோசமென்றால் அன்சூட்டபிள். அது அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த உறையை சைக்கிளில் முகாமுக்குக் கொண்டுபோகிறவர் முனுசாமி, எங்கள் பியூன். நொச்சிக்குப்பத்துப் பக்கத்து ஆள். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் நாள்தோறும் நாங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அந்தச் சொல் மட்டும் அவருக்குப் பாடம். ரோட்டோரத்தில் கூடை வைத்து மீன் விற்கும் அஞ்சலையிடம் ஒரு நாள் பெருமைக்குச் சொல்லியிருக்கிறார்: "நாளிக்கி சூட்டபுள் இல்ல, தெரிஞ்சிக்கோ." அவள் அதைப் போய்ப் புருஷன் தேசிங்கிடம் சொல்லி, அவன் கட்டுமரத்தைத் தள்ளவில்லை. மறுநாள் கடல் பொங்கிக் கரையேறிவிட்டது. அன்றிலிருந்து முனுசாமியின் சைக்கிளுக்குக் குப்பமே காத்திருக்கும்.

"இன்னா நைனா, சூட்டபுளா?" என்பாள் அஞ்சலை. அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினால் நாளைக்கு மரம் போகும். பக்கவாட்டில் ஆட்டினால் போகாது. குப்பத்தில் அது கடலுக்கே ஆன சொல்லாகிவிட்டது. கொண்டல் காற்று, வாடைக் காற்று போல சூட்டபுள். "கடலு சூட்டபுளா கீது" என்று சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

ராமசேஷனுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தோம். ஒரு நாள் முனுசாமி பெரிய ரோடு வழியாகக் கிளம்பினார். ராமசேஷன் மாடியிலிருந்து கூப்பிட்டார். "முனுசாமி, கீழண்டை வழியாப் போ. இந்த ரோட்டில லாரி ஜாஸ்தி." பெட்ரோல் கிடைக்காத காலம் அது. லாரியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். கீழண்டை வழி என்றால் குப்பத்தின் வழி. முனுசாமி என்னைப் பார்த்தார், நான் முனுசாமியைப் பார்த்தேன். பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அஞ்சலை எங்கள் வீட்டுக்கும் மீன் கொண்டுவருவாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருக்கும். என்னை 'வாத்தியார் பொண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். மொட்டைப் பாரில் சங்கரா மீன் கிடைக்கும். தூண்டில் போட்டால் கிடைப்பதில் பாதிக்கு மேல் அங்கேதான். தேசிங்கு நல்ல மரக்காரன், முன்கோபி, பொய் சொன்னால் அவனுக்கு ஆகாது. பீரங்கிப் பயிற்சி என்று பட்டாளத்துக்காரர்கள் முன்னே ஒரு தடவை கடலையே பல நாள் மூடிவிட்டார்கள். குப்பம் பட்டினி கிடந்தது. அந்தக் கோபம் அவனுக்கு ஆறவே இல்லை. எங்கள் அலுவலகத்தையும் அவன் பட்டாளத்தோடுதான் சேர்த்து வைத்திருந்தான். முனுசாமியின் தலை மட்டும் அதில் சேர்த்தி இல்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். ஐப்பசி. மழை விட்டு வானம் பளிச்சென்று இருந்தது. காற்றே இல்லை. நான் பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் தூங்கியது. பிறகு எழுந்தது பாருங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக, வெள்ளைச் சுவர் போல. இடைவெளியை அழுத்திப் பார்த்துவிட்டு எனக்கே நம்பிக்கை வரவில்லை. ராமசேஷனைக் கூப்பிட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார்.

"எங்கேயோ பெரிசா ஒண்ணு இருக்கு. நாளைக் காலம்பற இதைவிடப் பெரிசாகும்" என்றார்.

கடைசி வரியில் அன்சூட்டபிள் என்று அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே முகாமின் மேஜரிடமிருந்து டெலிபோன். ராமசேஷன் விவரத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் இருந்தவருக்கு ஒரே சந்தோஷம். அது எனக்கே கேட்டது. இத்தனை நாள் குளத்தில் குளிப்பதுபோலப் பழகிவிட்டோம், பெரிய அலையில் இறங்கிப் பழகத்தான் இத்தனை நாளாகக் காத்திருக்கிறேன், இதைவிட ஏற்ற நாள் உண்டா என்றாராம். ராமசேஷன், அலை பெரியது, ஆகையால் ஏற்றதல்ல என்றார். எனக்கு எது ஏற்றது என்று நான் சொல்கிறேன், நீ அலையைச் சொல், கடைசி வரியில் சூட்டபிள் என்று போட்டு அனுப்பு என்று மேஜர் சொல்லி வைத்துவிட்டார்.

ராமசேஷன் போனை வைத்துவிட்டு, எழுதியதில் முதல் இரண்டு எழுத்தை, அந்த 'அன்'னை மட்டும் அடித்துவிட்டார். நான் டைப் அடித்தேன். பெரும் அலை. நீண்ட இடைவெளி. சூட்டபிள். அடித்து முடித்துக் காகிதத்தை உருவும்போதுதான் எனக்கு உறைத்தது.

"சார், இந்த வார்த்தை குப்பத்துக்கும் போகுமே" என்றேன்.

"தெரியும்மா" என்றார். முதல் தடவையாக ஒப்புக்கொண்டார். முனுசாமியைக் கூப்பிட்டார்.

"முனுசாமி, இன்னிக்கு அவா கேட்டா இல்லைன்னு சொல்லு. கண்டிப்பா இல்லைன்னு சொல்லு."

"காயிதத்துல இன்னா சார் எழுதிக்கீது?"

"காயிதத்துல என்ன இருந்தா உனக்கென்ன? கடல் சரியில்லை. அவ்வளவுதான்."

முனுசாமி போனார். அஞ்சலை கேட்டாள். தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். இரண்டு தடவை ஆட்டினேன் என்று எங்களிடம் பிறகு சொல்லிச் சொல்லி அழுதார். நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்றுதான் நான் வீட்டுக்குப் போனேன். நன்றாகத் தூங்கவும் தூங்கினேன்.

முகாம் சமையலறையில் பாத்திரம் கழுவ தேசிங்கின் தம்பி மாரி போய்க்கொண்டிருந்தான் என்பது எங்களுக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் சிப்பாய்கள் படகுகளைக் கழுவித் தயார் செய்வதைப் பார்த்திருக்கிறான். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, நாளைக்கு சூட்டபிள் என்று போர்டில் ஒட்டியிருக்கிறது, எல்லாப் படகும் போகிறது என்றிருக்கிறார்கள். அவன் அதைக் குப்பத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். முகாமில் சூட்டபுள் என்கிறார்கள், முனுசாமியோ சூட்டபுள் இல்லை என்கிறான். அப்படியென்றால் முனுசாமிக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பட்டாளத்துக்குப் பார் பக்கம் கடல் காலியாக வேண்டும், பீரங்கிக்காக மூடியதுபோல இப்போது தந்திரமாக மூடுகிறார்கள். குப்பத்தார் இப்படி நினைத்ததில் என்ன தவறு? நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் இப்படித்தான் நினைத்திருப்பேன்.

விடிந்தும் விடியாமலும் நான் பாரைப் பார்க்க வேலைக்கு வந்தபோது மணலில் கட்டுமரங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தெற்கே அடையாற்றுப் பக்கம் பட்டாளப் படகுகள் வரிசையாக நின்றன. நான் மாடி ஏறவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடினேன்.

"தேசிங்கண்ணே, போகாதீங்க. இன்னைக்குக் கடல் நல்லா இல்ல."

"எந்தக் கடலு? இத்தயா சொல்ற?" கையை வீசிக் காட்டினான். "எண்ண ஊத்துனாப்பல கீது. அத்தோ, பார் தூங்கிக்கினு கீது பாரு."

திரும்பிப் பார்த்தேன். தூங்கத்தான் தூங்கியது. ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

"கொஞ்ச நேரம் நின்னு பாருங்கண்ணே. எழுந்துக்கும். நேத்து நான் பார்த்தேன்."

"நீ பாத்தது இருக்கட்டும். உங்க ஆபீசுல இன்னா எழுதிக் குடுத்தீங்கோ? சூட்டபுளா, இல்லியா? மாதா மேல ஆணையா சொல்லு."

மாதாவை இழுத்துவிட்டான். என்ன செய்வேன்? "சூட்டபிள்னுதான் எழுதினோம்" என்றேன். "ஆனா அது அவங்களுக்கு. பெரிய அலைதான் வேணும்னு பட்டாளத்துல கேட்டாங்க. அதனாலதான் அப்படி எழுதினோம்."

ஜெயிலுக்குப் போகிற ரகசியம் அது. அதை நான் கடற்கரையில் நின்று கத்திச் சொன்னேன்.  அவர்கள் சிரித்தார்கள்.

"கேட்டுக்கினியா நைனா? அலை வோணும்னு கேட்டானாம் பட்டாளத்தான்!"

"படகு கவுரணும்னு ஆசைப்பட்டுப் போறானா அவன்? அய்ய, போம்மா வூட்டுக்கு."

அஞ்சலை சிரிக்கவில்லை. "இந்தா, வாத்தியார் பொண்ணு பொய் சொல்லாது. ஒரு நாளு போவாட்டி இன்னா?" என்று அவன் கையைப் பிடித்தாள். தேசிங்கு கையை உதறினான்.

"நேத்து தலைய ஆட்டுனது பொய்யி. இன்னிக்கி இது சொல்றது அத்தவிட பெரிய பொய்யி. பொய் சொல்லிப் பொய் சொல்லி எங்கள வயித்துல அடிக்கிறீங்கோ" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னான். மரத்தைத் தள்ளினார்கள். நாலைந்து மரங்கள் போயின. மாரி முகாமுக்கு வேலைக்குப் போய்விட்டான். தேசிங்கோடு போனவன் அவன் மச்சான்.

நான் மாடி ஏறி என் இடத்தில் நின்றேன். என் வேலை பாரைப் பார்ப்பது. வேறு என்ன செய்ய? ராமசேஷன் வந்தார், விஷயத்தைக் கேட்டார், மாடிக் கம்பத்தில் கட்ட ஏதாவது சிவப்புத் துணி இருக்கிறதா என்று அலமாரியெல்லாம் தேடினார். போர் வந்ததும் கொடிகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மேஜை விரிப்பை உருவிக் கட்டினார். அது பச்சை. கட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. நுரையையே பார்க்க நினைத்தாரோ என்னவோ.

மரங்கள் பாரை அடைந்தன. தூண்டில் போடுவது தொலைநோக்கியில் தெரிந்தது. வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று மனசு துள்ளியது. எங்கள் கணக்கு பொய்யாகட்டும் மாதாவே, சிவப்புப் பென்சிலால் எழுதட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்போது எழுந்தது. முதல் அலையில் ஒரு மரம் தூக்கித் தள்ளப்பட்டது, ஆள் தெரிந்தான். இரண்டாவது உடைந்தபோது தேசிங்கின் மரம் எதுவென்றே தெரியவில்லை. என் கை தன்னால் வாட்சை அழுத்திக்கொண்டிருந்தது. இடைவெளி நேற்று நாங்கள் சொன்னபடியே, ஒரு விநாடி பிசகாமல் இருந்தது. அந்த வாட்சைத் தூக்கி மணலில் எறியலாம் போல வந்தது.

பட்டாளப் படகு ஒன்று கரையோரத்தில் கவிழ்ந்தது. மிதவைச் சட்டை போட்டிருந்ததால் எல்லாரும் நீந்தி வந்தார்கள். இன்னொரு படகு பாரின் பக்கம் போய் இரண்டு மூன்று பேரைத் தூக்கி வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். தேசிங்கும் அவன் மச்சானும் அதில் இல்லை. மச்சானை மறுநாள் திருவான்மியூர்ப் பக்கம் கடல் கொண்டுவந்து போட்டது. தேசிங்கைக் கொடுக்கவே இல்லை.

சாயங்காலம் மேஜர் ஜீப்பில் வந்தார். அவர் மாடிக்கு வரும்போது குப்பத்து ஒப்பாரி அங்கே கேட்டுக்கொண்டிருந்தது. அது என்ன சத்தம் என்று அவர் கேட்கவில்லை. ஏதோ திருவிழா என்று நினைத்திருக்கலாம். இத்தனை துல்லியமான முன்னறிவிப்பைத் தான் கண்டதே இல்லை என்று ராமசேஷனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ராமசேஷன் கையைக் கொடுத்தார், வேறென்ன செய்வார்?

மறுநாள் காலை வழக்கப்படி அவர் வராந்தாவுக்குப் போனார். கடலைப் பார்த்து நின்று படித்தார். பெரும் அலை. நீண்ட இடைவெளி. கடைசிச் சொல்லில் நின்றுவிட்டார். நாங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கோ சொல்லுங்கோம்மா. எனக்கு வாய் வரலை" என்றார்.  அத்தனையும் சரி. சரி என்று எப்படிச் சொல்வது? தப்பு என்று எந்த எண்ணைப் பார்த்துச் சொல்வது? அன்றோடு அந்த வழக்கம் நின்றுபோயிற்று.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து அஞ்சலை எங்கள் வாசலுக்கு வந்தாள். கூடை இல்லை. உள்ளே வா என்றால் வரவில்லை.

"உன்ன ஒண்ணு கேக்கணும் வாத்தியார் பொண்ணு. அந்த சூட்டபுளு, அதுக்கு இன்னா அர்த்தம்?"

"ஏத்ததுன்னு அர்த்தம்க்கா."

"கடலு நல்லா கீதுன்னு இல்லியா?"

"இல்லக்கா. ஏத்ததுன்னுதான்."

 "யாருக்கு?" என்று கேட்டாள்.

 பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "அத்த மொதல்லியே சொல்லிக்கீலாம் நீங்கோ" என்று சொல்லிவிட்டு மணலில் இறங்கிப் போனாள்.

அஞ்சலை கேட்டதை ராமசேஷனிடம் சொன்னேன். அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும், அல்லது இன்னாருக்கு என்று பக்கத்தில் எழுத வேண்டும் என்று மேலிடத்துக்கு மூன்று முறை எழுதினார். அச்சடித்த படிவம், மாற்ற முடியாது என்று பதில் வந்தது. நாலாவது முறை எழுதியபோது அவரை வடக்கே எங்கேயோ மாற்றினார்கள். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தயிர்சாதத் தூக்கை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

முனுசாமி தொடர்ந்து அதே வழியாகத்தான் சைக்கிளில் போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டினாலாவது தேவலை என்பார். போர் முடிந்தது, ரகசியம் போயிற்று, கம்பத்தில் எச்சரிக்கைக் கொடி ஏற்றலாம் என்று உத்தரவு வந்தது. ஏற்றினோம். சரியான நாளில், சரியான கொடி. கீழே மரங்கள் அது பாட்டுக்குப் போயின, வந்தன. சில வராமலும் போயின. ஒருவரும் தலை நிமிர்ந்து மாடியைப் பார்த்ததில்லை. ஓய்வு பெறும்வரை நான் சொன்ன முன்னறிவிப்புகளில் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. பாராட்டி மாலை போட்டு, வெள்ளித் தட்டு கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தட்டில் ஒரு நாளும் நான் எதையும் வைத்ததில்லை.

இதையெல்லாம் எழுதிச் சந்திராவுக்கு அனுப்பினேன். நான் அடித்த சொல்லுக்குப் பக்கத்தில் அஞ்சலையின் கேள்வியையும் எழுதி வைத்தேன். நேற்று சந்திரா டெலிபோன் செய்தாள். நல்ல பெண். படித்துவிட்டு அழுதேன் மேடம் என்றாள், குரலில் தெரிந்தது. மேலே பேசிப் பார்த்தாளாம். உகந்த நிலை என்பதையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம்.

"யாருக்குன்னு போட ஃபார்ம்ல இடம் இல்ல மேடம்" என்றாள்.

தெரியும்மா என்று சொல்லி போனை வைத்தேன்.